நரிச்சரிவில் எட்டுக் கத்தரிகள்

மிட்சுயோ கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த அன்று பேருந்து கணவாயிலேயே நின்றுவிட்டது. இடுப்பளவு பனி. தலைவீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் கை தேய்த்துக்கொண்டு நிற்கிறோம். மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வருகிறாள். காலில் வைக்கோல் காலணி, கல்யாண உடுப்பு முழங்காலுக்கு மேல் செருகியிருக்கிறது, தன் பிரம்புப் பெட்டியைத் தானே முதுகில் கட்டியிருக்கிறாள். தரகர் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தார்.

மாமியார் மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு கேட்டோம். கூலியாளை அனுப்பியிருக்காங்க."

எல்லோரும் சிரித்தோம். மிட்சுயோவும் சிரித்தாள். "கூலி குடுத்தா பெட்டியை இறக்கி வைக்கிறேன் அத்தை," என்றாள்.

மாமியாரிடம் அப்படி வாயாடின மருமகளை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அப்போது அவளுக்கு இருபது வயது. அவள் அப்பா கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையில் கரி சுடுகிறவர். கரிமூட்டை தூக்கி வளர்ந்த முதுகுக்குப் பிரம்புப் பெட்டி ஒரு சுமையா?

நான் அங்கே நின்றதற்குக் காரணம், அந்த மாமியார் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் இசாமு, இளையவன் தோகுஜி. மிட்சுயோவைக் கட்டினது தோகுஜி. இசாமுவின் மனைவி ஃபுமியே என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஆறாம் வகுப்போடு நான் நின்றேன், அவள் இன்னும் மூன்று வருடம் போனாள். மிட்சுயோவுக்கு அவள் மூத்த ஓரகத்தி, அதனால் 'அக்கா'.

குடும்பத்தின் மூத்த வீடான தலைவீடும் நெல்வயலும் கீழே தட்டையான நிலத்தில் போட்ட திராட்சைப் பந்தலும் இசாமுவுக்கு. தோகுஜிக்குக் கிளைவீடும் நரிச்சரிவும். நரிச்சரிவைக்கூட வாய்ச்சொல்லாகத்தான் கொடுத்தார்கள். பத்திரம் தலைவீட்டுப் பெயரில்தான் இருந்தது. "உழுதுக்கோ, வேணும்னா கேப்பேன்" என்பதுதான் ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இளையவன் பங்கு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நரிச்சரிவு எண்ணூறு மீட்டர் உயரம். ஊரிலேயே கடைசியாகப் பனி உருகும் இடம். அங்கே ஆப்பிள் வைத்தார்கள். மே மாதம் பூ விரியும், அதே வாரம் உறைபனி விழுந்து பூ கருகும். ஐந்து வருடத்தில் மூன்று வருடம் இப்படி. மிட்சுயோ இருபத்தைந்து வருடம் அந்த ஆப்பிளோடு மல்லுக்கட்டினாள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் தங்கும் விடுதியில் பாத்திரம் கழுவப் போவாள்.

அந்த விடுதியில்தான் அது நடந்தது. தோக்கியோவிலிருந்து வந்த ஒரு குழு, பாதிக்கு மேல் மிச்சமிருந்த ஒரு பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிற்று. வெள்ளை ஒயின். சமையல்காரர், "கழுவுற தொட்டில ஊத்திடும்மா," என்றார். மிட்சுயோ தேநீர்க் கிண்ணத்தில் ஊற்றி வாசம் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். மறுநாள் என் வீட்டுக்கு வந்து உப்பூறல் கீரையைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"பனிக்கடியில ஒரு ஆப்பிள் கிடந்து, மார்ச்சுல எடுத்துக் கடிப்போம் பாரு, அந்த மாதிரி. இனிப்பே இல்லை. ஆனா வாய் இன்னொண்ணு கேக்குது."

"உனக்குத் தலை சுத்தியிருக்கும்," என்றேன்.

"சுத்தலை. நேராச்சு."

அவள் பாட்டிலைக் கழுவி வீட்டுக்கே எடுத்து வந்திருந்தாள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதியிருந்ததை அவள் மகன்தான் படித்துச் சொன்னான். ஷார்டனே. வெயில் ஆறின, குளிர்ந்த மலைச்சரிவில் நன்றாக வரும் திராட்சை. அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். வசந்தத்தில் ஆப்பிள் மரங்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஷார்டனே கொடி நட்டாள். தோகுஜி மறுபேச்சு பேசவில்லை. அவன் எதற்குமே மறுபேச்சு பேசாதவன்.

கீழே பட்டணத்தில் ஒயின் பண்ணுகிற கசாமா என்பவர் இருந்தார். எங்கள் நாட்டில் அனுமதி இல்லாமல் வீட்டில் திராட்சையைப் புளிக்கவிட முடியாது. கசாமா வாங்கினால்தான் ஒயின், இல்லையென்றால் ஜாம். கசாமா மூன்று விஷயம் சொன்னார். இனிப்பு அளக்கும் குழலில் பார்த்தால் இருபதுக்குக் குறையக்கூடாது. அழுகல் இருக்கக்கூடாது. இருபது பெட்டிக்குக் கீழே என்றால் தன் பிழிபொறியின் அடியைக்கூட நிரப்பாது, கொண்டுவர வேண்டாம்.

முதல் காய்ப்பில், மழைக்குப் பயந்து செப்டம்பரிலேயே பறித்தாள். நாற்பது பெட்டி. குழலில் பார்த்தால் பதினேழு. திரும்பி வந்தது. அடுத்த வருடம் அக்டோபர் வரை விட்டுவைத்தாள். இனிப்பு ஏறிற்று, ஆனால் நடுவில் மழை. ஷார்டனே குலை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திருவிழாக் கூட்டம் மாதிரி மணிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே ஒரு மணி வெடித்தால் வெளியே தெரியாது. தெரியும்போது குலை முழுக்கச் சாம்பல் பூசணம். அதுவும் திரும்பி வந்தது. அந்தப் பெட்டிகள் தலைவீட்டு வாசல் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். இசாமு வாசலில் நின்று இரண்டு வருடமும் பார்த்தார்.

மூன்றாம் வருடப் புத்தாண்டு அன்று தலைவீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். இரண்டு வருடத்தில் நகரத்துக்குக் குளிர்கால ஒலிம்பிக் வரப்போகிறது. சாலை அகலமாகிறது, விடுதிகள் பெருகுகின்றன. விடுதிக்காரர்களுக்குப் பேருந்து நிறுத்த இடம் வேண்டும். இசாமு அரிசிப் பலகாரத்தை மென்றுகொண்டே சொன்னார்.

"மிட்சுயோ, இந்த வருஷமும் கசாமா திருப்பி அனுப்பினா நரிச்சரிவு எனக்கு. சமன் பண்ணித் தார் போட்டுடுவேன். வாங்கிட்டாருன்னா நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன். சம்மதமா?"

தோகுஜி பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிட்சுயோதான் நிமிர்ந்தாள்.

"சம்மதம் பெரியத்தான். குழல்ல நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்க கண்ணை நான் நம்புறேன்."

அவர் கண்ணை யாரும் நம்பலாம். இசாமு பிடிவாதக்காரர், ஆனால் அரைப் புள்ளிகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனிதர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மிட்சுயோ யோசித்தது ஒன்றைத்தான். மழையிலும் குலை அக்டோபர் வரை கொடியில் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழி எல்லோருக்கும் தெரியும். கீழ்ப்பந்தலில் விளைகிற கருந்திராட்சைக்கு, ஒவ்வொரு குலைக்கும் மெழுகுக்காகிதத்தில் ஒரு தொப்பி மாட்டுவோம். காம்பைச் சுற்றி மடித்து ஊசி அடித்தால் குடை பிடித்த மாதிரி நிற்கும். அது பரிசுக்குப் போகிற திராட்சை. மணி ஒவ்வொன்றும் பிளம் பழம் அளவு இருக்கும். குலை ஒன்றை ஒரு பெட்டியில் வைத்துப் பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பார்கள். பிழிந்து சாறெடுக்கிற பொடித் திராட்சைக்கு யார் தொப்பி போடுவார்கள்? மிட்சுயோ ஐயாயிரம் தொப்பி வாங்கினாள்.

ஊரே சிரித்தது. கினுகோ என்று ஒருத்தி, என் வீட்டுக்காரரின் தங்கை, அவள் வாய்க்கு ஊரில் வரியே போடலாம். "அடுத்த வருஷம் அதுங்களுக்குக் காலுறை பின்னுவியா மிட்சு?" என்றாள்.

"நீ பின்னிக் குடு. மாட்டுறேன்."

ஜூலை முதல் வாரம் தொப்பி போட ஆள் வேண்டும். எங்கள் ஊரில் இதற்குக் கூலி கிடையாது, கை மாற்றுத்தான். மிட்சுயோ முப்பது வருடம் எல்லோருடைய நடவுக்கும் பந்தலுக்கும் வந்தவள். ஒரு தடவைகூட எங்களை அழைத்ததில்லை. இப்போது அழைத்தாள். எட்டுப் பேர் சேர்ந்தோம். ஃபுமியேதான் தலைமை. மாவட்டக் கண்காட்சியில் நான்கு முறை முதல் பரிசு வாங்கின குலை அவள் கை சீவினது.

மறுநாள் காலை வேலை தொடங்க வேண்டும். முந்தின நாள் மதியம் தோகுஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். குடல்வால். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி நகரும்போது மிட்சுயோ ஜன்னலிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள்.

"அக்கா! தொப்பியெல்லாம் கொட்டகையில இருக்கு! உங்க கருந்திராட்சைக்குப் பண்ற மாதிரியே பண்ணிடுங்க!"

"நீ போ! உன் புருஷனைப் பாரு!" என்றாள் ஃபுமியே.

நாலு நாள் வேலை. நாங்கள் பந்தலுக்கடியில் அண்ணாந்து வேலை செய்து பழகினவர்கள். நரிச்சரிவில் கொடியெல்லாம் கம்பியில் வேலி மாதிரி நிற்கிறது, குலை முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. ஆளுக்கொரு குட்டி முக்காலி போட்டு உட்கார்ந்தோம்.

"முப்பது வருஷமா கழுத்து வலி," என்றாள் கினுகோ. "இப்ப இடுப்புக்கு முறை வந்திருக்கு. அடுத்து எதுக்கு வருமோ?"

"உன் வாய்க்கு வந்தா நல்லாயிருக்கும்," என்றேன்.

"இது திராட்சையா? மலைமிளகுக் கொத்து மாதிரி இருக்கு."

ஃபுமியே முதல் குலையைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் சுருங்கிற்று. தோளில் இரண்டு பக்கமும் பிதுங்கி, மணியோடு மணி நசுங்கி, காற்றுப் போக வழியில்லாமல். "பாவம், இதை யாரும் கவனிச்சதே இல்லை," என்றாள். இடுப்புப் பையிலிருந்து மெல்லிய கத்தரியை எடுத்தாள். தோளை வெட்டினாள். உள்ளே திரும்பின மணிகளைக் கிள்ளினாள். மூன்றுக்கு ஒன்று என்று எடுத்தாள். ஒன்றிரண்டு நிமிடத்தில் குலை மெலிந்து, நேராகி, மணிக்கு மணி இடம் விட்டு நின்றது. அப்புறம்தான் தொப்பியை மாட்டினாள்.

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. சீவாத குலைக்குத் தொப்பி மாட்டுவது முகம் கழுவாத பிள்ளைக்குப் புதுச்சட்டை போடுகிற மாதிரி. எட்டுக் கத்தரியும் வெளியே வந்தன. என் கத்தரியும்தான். வெளிச்சம் வந்ததும் போவோம், மங்கினதும் இறங்குவோம். நாலாம் நாள் சாயங்காலம் சரிவு முழுக்க வெள்ளைத் தொப்பி. எங்களுக்கு அத்தனை பெருமை. ஃபுமியே இடுப்பில் கைவைத்து நின்று, "கண்காட்சிக்கே வைக்கலாம்," என்றாள்.

ஐந்தாம் நாள் காலை மிட்சுயோ வந்தாள். நாங்கள் கொழுக்கட்டையும் தேநீரும் எடுத்துக்கொண்டு மேலே காத்திருந்தோம், அவள் சந்தோஷத்தைப் பார்க்க.

அவள் தொப்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசைக்கடியிலும் பச்சைப் பட்டாணி கொட்டின மாதிரி மணிகள். குனிந்து ஒரு கை அள்ளினாள்.

"பாதி போச்சு," என்றாள். "பாதி தரையில கிடக்கு. யார் சொல்லிப் பண்ணீங்க?"

"நீதான் சொன்னே," என்றாள் ஃபுமியே. "வண்டி ஜன்னல்லேர்ந்து. ஊரே கேட்டுது."

"தொப்பியைச் சொன்னேன் அக்கா! தொப்பியை! இதைப் பெட்டியில வச்சு யாருக்கும் குடுக்கப் போறதில்லையே, நசுக்கத்தானே போறாங்க! இருபது பெட்டி வேணும். இதுல எங்கேர்ந்து வரும் இருபது?"

"சீவாம எப்படித் தொப்பி போடுறதுன்னு..."

"பெரியத்தானுக்கு வண்டி நிறுத்த இடம் வேணும்," என்றாள் மிட்சுயோ. அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அதை நேராவே கேட்டிருக்கலாம். கத்தரி எடுத்திருக்க வேண்டாம்."

கொழுக்கட்டைத் தட்டோடு நான் நின்றேன். ஃபுமியே கையுறையைக் கழற்றினாள், மடித்தாள். கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"முப்பது வருஷத்துல இந்தக் கத்தரியால ஒரு நல்ல மணியை நான் கெட்ட எண்ணத்துல வெட்டினதில்லை மிட்சு," என்றாள். அவ்வளவுதான். சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் இரண்டரை மாதத்துக்கு மேல் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வாசல் வழியாக மிட்சுயோ ஏறுவாள், இறங்குவாள். ஃபுமியே கீரை நறுக்கிக்கொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தோகுஜி இரண்டு பேருக்கும் நடுவில் தும்மக்கூடப் பயந்தான். ஆகஸ்டில் கசாமா மேலே வந்து பார்த்தார்.

"இருபது வருமாம்மா?"

"வரும் ஐயா," என்றாள். அவளுக்கே தெரியாது.

செப்டம்பர் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. நடுவில் ஒரு புயல், அதன் வாலில் இன்னொன்று. பத்தொன்பது நாள். கீழ்ப் பள்ளத்தாக்கில் ஒயினுக்காக வைத்திருந்த தோட்டங்களெல்லாம் சாம்பல் பூத்தன. இசாமுவின் பந்தலிலேயே ஒரு மூலையில் கருந்திராட்சை வெடித்தது. கசாமா போன இடமெல்லாம் அழுகல்தானாம், அவர் தொட்டிகள் காலி என்று செய்தி வந்தது.

மிட்சுயோ ஒவ்வொரு நாளும் மழையில் மேலே போனாள். முதல் வாரம் தொப்பியைத் தூக்கிப் பார்க்கவே கை வரவில்லையாம். பத்தாம் நாள் தூக்கினாள். குலை காய்ந்திருந்தது. அடுத்த தொப்பி. காய்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டாள். மணிக்கும் மணிக்கும் நடுவில் விரல் நுனி போயிற்று. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மணி வெடித்திருந்தால்கூட அது தனியாக வெடித்து, தனியாகக் காய்ந்து, உதிர்ந்திருந்தது. பக்கத்து மணிக்குத் தெரியவே இல்லை. தோள்கள் இல்லாததால் தொப்பியும் குலையை முழுசாக மூடியிருந்தது. வாயில் ஒன்றைப் போட்டாள். போன வருடம் அந்தத் தேதிக்கு இருந்ததைவிட இனிப்பு. கொடிக்குப் பாதிப் பிள்ளைகள்தானே, ஊட்டினது முழுக்க அவைகளுக்குத்தான்.

அவள் ஒரு குலையை வெட்டினாள். மழையில் அப்படியே இறங்கினாள். தலைவீட்டு வாசலில் நின்றாள். நான் அங்கே தேநீர் குடிக்கப் போயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன். நனைந்த தலையோடு வந்து, குலையை ஃபுமியேயின் நறுக்குப் பலகைமேல், கீரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஃபுமியே கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். குலையைக் காம்பில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டி மெதுவாகச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"இங்க ரெண்டு மணி எடுத்திருக்கணும்," என்றாள். "கினுகோ கை. அவளுக்குப் பேசிட்டே சீவத் தெரியாது."

மிட்சுயோ சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். "நான் வாயில வந்ததைப் பேசிட்டேன் அக்கா."

"பேசினே. உக்காரு. தலையைத் துவட்டு. கிழக்குப் பக்கத்து இலையைக் கிள்ளினியா?"

"இல்லை."

"காலை வெயில் படணும்டி. நாளைக்கே வரேன்."

உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த இசாமு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஃபுமியே, அந்தச் சரிவுல தார் போடப் போறது நம்ம வீடு. ஞாபகம் இருக்கா? நீ யார் பக்கம்?"

"நான் சீவின குலை பக்கம்," என்றாள் ஃபுமியே.

மழை விட்டு ஐந்து நாள் நல்ல வெயில். பகலில் சட்டை போதும், விடிகாலையில் மூச்சு புகைகிற குளிர். திராட்சைக்கு அதைவிட என்ன வேண்டும்? அக்டோபர் நடுவில் கசாமா தானே மேலே வந்தார். கண் உள்ளே போயிருந்தது. மூன்று வாரமாக அழுகலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவருக்கு முன்னாலேயே இசாமு வந்து நின்றார், தன் குழலோடு. பட்டணத்துக் குழலை அவர் நம்பமாட்டார். நாங்கள் எட்டுப் பேரும் பறிக்கப் போயிருந்தோம், ஆனால் யாரும் பறிக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம்.

இசாமு கெட்டிக்காரர். வெயில் படுகிற வரிசையைத் தொடவில்லை. நேராக வடக்கு ஓரத்து வரிசைக்குப் போனார். தரையோரம், நிழலில், ஆகச் சின்ன குலையாகத் தேடினார். ஒரு மணியைக் குழலின் முனைக் கண்ணாடியில் நசுக்கினார். குழலை வானத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடினார்.

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். வேறு குலை, வேறு மணி. மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"எவ்வளவு தேச்சாலும் இனிப்பு குறையாது அண்ணே!" என்று கத்தினாள் கினுகோ.

"சும்மா இரு," என்றார். மூன்றாவது தடவை பார்த்தார். குழலைக் கீழே இறக்கினார். "இருபத்தொண்ணரை. முதல்ல பாத்ததும் இருபத்தொண்ணரை. நடுவுல ஒண்ணு இருபத்திரண்டு."

கசாமா தொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்க ஓடினார். அவர் ஓடின மாதிரி ஒரு படித்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு குலை.

"எங்கம்மா அழுகல்? ஒண்ணுகூட இல்லையே! இந்தக் குலையை யாரு இப்படிப் பிரிச்சுவிட்டது? எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

மிட்சுயோ ஃபுமியேயின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவங்க. எங்க அக்கா."

"எனக்கு ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் ஃபுமியே. காது வரை சிவந்துவிட்டாள். "சீவாத குலையைப் பாத்தா கை சும்மா இருக்காது. அவ்வளவுதான்."

"இன்னும் பெட்டி இருக்கு," என்றார் இசாமு. "இருபதுன்னு பேச்சு." அவர் பேச்சு என்றால் பேச்சு.

பறித்தோம். பெட்டி நிரம்ப நிரம்ப தோகுஜி வண்டியில் அடுக்கினான். மதியத்துக்குள் பதினாறு. மேல் வரிசைகள் முடிந்துவிட்டன. கினுகோ ஒரு மணியை வாயில் போடப் போனாள், மிட்சுயோ அவள் கையைத் தட்டிப் பெட்டியில் போட்டாள். பதினெட்டு. வடக்கு ஓரத்து வரிசைதான் பாக்கி. எங்களுக்கு அது ஆகாத வரிசை, எப்போதும் நோஞ்சான். ஆனால் மழைக்காலத்தில் அங்கேதான் காற்று அதிகம் அடித்திருந்தது. பத்தொன்பது. இருபது நிரம்பியபோது தோகுஜி, ஆயுசில் சத்தம் போடாத தோகுஜி, தன் தலையிலிருந்த தொப்பியை வானத்தில் எறிந்து, "இருபது!" என்று கத்தினான். பள்ளத்தாக்கு திருப்பிச் சொல்லிற்று. இருபத்துமூன்றில் முடிந்தது.

இசாமு பெட்டிகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு மிட்சுயோவுக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தார். எங்கள் ஊரில் தலைவீட்டுக்காரர் கிளைவீட்டு மருமகளுக்கு அப்படிக் குனிந்து யாரும் கண்டதில்லை.

"தார் இல்லை," என்றார். "பத்திரத்தையும் தோகுஜி பேருக்கு மாத்திடறேன். வாய்ச்சொல்லுன்னு இனி யாரும் சொல்ல வேண்டாம்."

மாற்றினார். புத்தாண்டுக்குள்.

இப்போதும் அவரைப் பார்க்க வேண்டும் என்றால் நரிச்சரிவுக்குத்தான் போக வேண்டும். பனி உருகினதும் தினமும் தன் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் நிறுத்திவிட்டு, கொடிக்கு நடுவில் குழலோடு உலாத்துவார். "அந்தச் சரிவுல வண்டி நிறுத்தணும்னு ஆசைப்பட்டாரு, நிறுத்திட்டாரு," என்பாள் கினுகோ. ஜூலை வந்தால் எட்டு முக்காலியும் மேலே ஏறும். கீழ்ப் பள்ளத்தாக்குக்காரர்கள் ஃபுமியேயிடம் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவள் முதல் நாள் வெறும் தொப்பி மாட்டத்தான் விடுவாள்.

அந்த முதல் ஒயின் மறு வருடம் ஆகஸ்டில், முன்னோர்களை வீட்டுக்கு அழைக்கிற நாட்களில், தலைவீட்டுக்கு வந்தது. பாட்டிலில் 'நரிச்சரிவு' என்று எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் தேநீர்க் கிண்ணத்தில்தான் குடித்தோம். வெளிறின வைக்கோல் நிறம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே மேலேயிருந்து பனிக்காற்று வந்தது. வாயில் வைத்ததும் புளிப்பு நாக்கைத் தட்டி எழுப்பிற்று, அப்புறம் மெதுவாக, வெகு நேரம், அந்த மார்ச் மாதத்து ஆப்பிள். மிட்சுயோ அன்று சொன்னபோது நான் நம்பவில்லை. நேராச்சு என்றாளே, அந்த வார்த்தைகூடச் சரிதான்.

இசாமு முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, "சோத்தோட குடிக்கலாம்," என்றார். இரண்டாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கிண்ணத்தை அவரே ஊற்றிக்கொண்டார்.

ஆனால் அவருக்கு முன்னால், எல்லோருக்கும் முன்னால், முதல் கிண்ணம் மாமியாரின் படத்துக்குப் போயிற்று. என் அத்தை செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மிட்சுயோ படத்தின் முன் மண்டியிட்டுக் கிண்ணத்தை வைத்தாள், கை கூப்பினாள். பக்கத்தில் நான் இருந்ததால் அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"கூலி வந்துடுச்சு அத்தை. பெட்டியை இறக்கி வச்சுட்டேன்."